சுழன்றது சக்கரமா, படமா?

ஜூடோ பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. டட்டாமியில் கால் வைத்ததில்லை. விழுந்தால் எழுந்திருக்கவே இரண்டு நிமிடம் ஆகிற வயது. ஆனால் குலுக்கல் பற்றி எழுதத் தகுதி உண்டு. குலுக்கலுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்து, அக்கம்பக்கத்தார் முன்னால் அசிங்கப்பட்டவன் நான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

2024 ஆகஸ்ட் 3. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூடோவின் கடைசி நாள். ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இருந்த ஷாம்ப்-து-மார்ஸ் அரங்கில் கலப்பு அணிப் போட்டியின் இறுதி ஆட்டம், பிரான்ஸுக்கும் ஜப்பானுக்கும். நம்ம ஊரில் இரவு. அந்த ஒலிம்பிக்கில் நான் பார்த்ததிலேயே பரபரப்பான ஆட்டம் இதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி முழுக்க அதன் வடிவமைப்பைக் குறைதான் சொல்லப் போகிறேன்.

முதலில் விதிமுறை. ஓர் அணியில் ஆறு பேர் இறங்குவார்கள்: பெண்களில் 57 கிலோ வரை, 70 கிலோ வரை, 70-க்கு மேல், ஆண்களில் 73 வரை, 90 வரை, 90-க்கு மேல். ஆறு மோதல்கள். முதலில் நான்கு வென்ற அணிக்கு வெற்றி. எந்த எடைப் பிரிவில் ஆரம்பிப்பது என்பது குலுக்கலில் முடிவாகும், அதன் பிறகு வரிசை மாறாது. 3-3 என்று சமனில் நின்றால், ஆறு பிரிவுகளில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். அந்தப் பிரிவில் ஏற்கெனவே மோதிய இருவரும் மறுபடியும் வர வேண்டும். இந்த முறை நேரக் கணக்கு கிடையாது, நேராக கோல்டன் ஸ்கோர். முதல் புள்ளி எடுப்பவருக்கே எல்லாம்.

இனி அன்றைக்கு நடந்தது. முதல் மோதலில் 90 கிலோ பிரிவில் முராவ் ஜப்பானுக்கு வென்றார். அடுத்து தகாயாமா, பிரான்ஸின் ரோமான் டிக்கோவைச் சாய்த்தார். மூன்றாவது, எல்லாரும் காத்திருந்த கனரகப் பிரிவு. டெடி ரைனர், தட்சுரு சைட்டோவை வீழ்த்தினார். நான்காவது மோதலுக்கு ஜப்பான் இறக்கியது சுனோடாவை. 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர், 57 கிலோ பிரிவில் வந்து சிசிக்கைத் தோற்கடித்தார். ஜப்பான் 3, பிரான்ஸ் 1. இன்னும் ஒன்றே ஒன்று போதும். அதற்கு வந்தவர் யார் தெரியுமா? 66 கிலோவில் டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் தங்கம் வாங்கிய ஹிஃபுமி அபே. கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். காபா என்கிற பிரெஞ்சு வீரர் அப்படி நினைக்கவில்லை. கூடுதல் நேரத்தில் அபேயை வீழ்த்தினார். அடுத்து அக்பெனெனு, தகாய்ச்சியை வென்றார். 3-3.

அரங்கத்தின் பெரிய திரையில் ஒரு சக்கரம் வந்தது. ஆறு எடைப் பிரிவுகள் வரிசையாக மின்னின. கடைசியில் நின்ற இடம்: ஆண்கள், 90-க்கு மேல். மறுபடியும் ரைனர், மறுபடியும் சைட்டோ. கூட்டம் போட்ட கூச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்றே கேட்கவில்லை. சில நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு ரைனரின் இப்போன். பிரான்ஸுக்குத் தங்கம்.

சமூக ஊடகங்களில் சந்தேகம் கிளம்ப அதிக நேரம் ஆகவில்லை. நடத்துகிற நாடு பிரான்ஸ். எட்டு நாள் முன்னால் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றிய இருவரில் ஒருவர் ரைனர். முந்தைய நாள்தான் தனிநபர் தங்கமும் வாங்கியிருந்தார். சக்கரம் சரியாக அவர் பெயரில் நிற்கிறது. ஜப்பானிய ரசிகர்களின் இடத்தில் இருந்தால் நானும் புருவத்தைத் தூக்கியிருப்பேன்.

அதில் மோசடி இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆறில் ஒன்று வாய்ப்பு என்பது பகடையில் ஆறு விழுவது மாதிரி, தினசரி நடக்கிற விஷயம். அதே நாளில் இரண்டு வெண்கல ஆட்டங்களும் 3-3 ஆகி, சக்கரத்தில்தான் முடிந்தன. ஒன்றில் 57 கிலோ வந்தது, பிரேசிலின் ரஃபேலா சில்வா இத்தாலிக்கு எதிராக முடித்து வைத்தார். இன்னொன்றில் 73 கிலோ வந்தது, கொரியாவின் ஆன் பா-உல் ஜெர்மனிக்கு எதிராக. அவற்றைப் பற்றி யாரும் சதிக்கோட்பாடு எழுதவில்லை. மூன்று குலுக்கலில் ஒன்று நட்சத்திரத்தின் மீது விழுந்தது. நமக்கு ஞாபகம் இருப்பது அது மட்டும்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதை யாரும் பேசி நான் பார்க்கவில்லை. 3-3 என்றாலே, ஆறு பிரிவுகளில் மூன்றை இந்த அணியும் மூன்றை அந்த அணியும் வென்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆக, சக்கரம் எப்போதுமே பாதி இவர்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். அன்று அது 90 கிலோவிலோ 57 கிலோவிலோ நின்றிருந்தால் ஜப்பானியர்கள் குதித்திருப்பார்கள். அமைப்பு என்ற அளவில் சமநிலை கச்சிதம். இதை வடிவமைத்தவர் முட்டாள் இல்லை.

அப்படியென்றால் என்னதான் குறை? இப்போது என் கதை.

சில வருடங்களுக்கு முன்னால், நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் கார் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. கூரை போட்ட இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். "நம்ம சார் சாஃப்ட்வேர்ல இருக்காரே, ஒரு புரோகிராம் போடச் சொல்லுங்க" என்று யாரோ சொன்னார்கள். நானும் பெருமையாக இருபது வரியில் எழுதி, அசோசியேஷன் கூட்டத்தில் புரொஜெக்டரில் ஓட்டினேன். பெயர்கள் சரசரவென்று ஓடி நிற்கிற மாதிரி கொஞ்சம் படமும் சேர்த்திருந்தேன். முடிவு வந்தது, கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், "என் ஃபிளாட் நம்பரே லிஸ்டில் இல்லையே" என்றார். பார்த்தால் உண்மை. தட்டச்சுப் பிழை. நம்பரைச் சேர்த்து மறுபடியும் ஓட்டினேன். முதல் முறை இடம் கிடைத்த ஒரு பெரியவருக்கு இரண்டாம் முறை கிடைக்கவில்லை. செயலாளருக்குக் கிடைத்தது.

அவ்வளவுதான். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெரியவர் மட்டும் வெளியே போகும்போது, "தம்பி, நீங்க தப்பு பண்ணியிருக்க மாட்டீங்க. ஆனா பண்ணலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்னிடம் பதில் இல்லை. கோடைத் திறந்து காட்டலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தாலும், திரையில் காட்டுகிற கோடுதான் ஓடியது என்பதற்கு என்ன சாட்சி? அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நான் சேர்த்த அந்தப் படம், பெயர்கள் ஓடி ஓடி மெதுவாக நிற்கிறதே, அது முழுக்க நாடகம். புரோகிராம் ஆரம்பித்த நொடியிலேயே முடிவு கணக்காகிவிட்டது. மிச்சமெல்லாம் ஏற்கெனவே தெரிந்த முடிவை நோக்கி மெதுவாக ஓடுகிற படம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சுழலும் சக்கரத்தைப் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம். பகடை உருள்வதைப் பார்ப்பவன் காரணத்தைப் பார்க்கிறான். திரையில் சக்கரம் சுழல்வதைப் பார்ப்பவன் அறிவிப்பைப் பார்க்கிறான்.

அடுத்த மாதம் குலுக்கலை மறுபடி நடத்தினோம். எவர்சில்வர் குடம், மடித்த சீட்டுகள், வாட்ச்மேனின் சின்ன மகள். அதே செயலாளருக்கு அதே மாதிரி இடம் கிடைத்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

உத்திரமேரூர் கல்வெட்டு பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். நமக்குச் சொல்லித் தந்தது "அந்தக் காலத்திலேயே தேர்தல்" என்ற பெருமையை மட்டும். முதலாம் பராந்தகன் காலத்து அந்த வாசகத்தின் விளக்கத்தை ஒரு பொறியாளனாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பாதிக்கு மேல் அது குலுக்கலின் பாதுகாப்பு ஏற்பாடு. சபை முழுதும் கூடியிருக்க வேண்டும். குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமாரும் வாசிக்க வேண்டும். விரலை எதற்கு விரிக்கச் சொன்னார்கள்? இன்னொரு ஓலையை மடக்கி வைத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். மத்தியஸ்தன் திருடன் என்று யாரும் நினைத்ததால் வந்த விதியாக இது எனக்குப் படவில்லை. அவன் நேர்மையானவன் என்பதை அவனே நிரூபிக்க ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். பாரிஸ் சக்கரத்தில் அந்த விரிந்த விரல்கள் இல்லை. என் விமர்சனத்தை ஒரே வரியில் கேட்டால் இதுதான்.

ஜூடோ இந்த விஷயத்தில் அறியாத விளையாட்டாக இருந்தால்கூட விட்டுவிடலாம். அப்படி இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக், 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதி ஆட்டம். அப்போதும் பிரான்ஸும் ஜப்பானும்தான்: டேவிட் டூயே, ஷினிச்சி ஷினோஹாரா. டூயே தாக்க வந்தபோது ஷினோஹாரா விலகித் திருப்பிப் போட்டார். ஓரத்தில் இருந்த நடுவர்களில் ஒருவர் ஷினோஹாராவுக்கு இப்போன் என்று கையை உயர்த்தினார். மற்ற இருவர் பார்வையில் அது டூயேவின் தாக்குதல். யுகோ என்ற சின்னப் புள்ளி டூயேவுக்குப் போனது. தங்கமும் போனது. ஜப்பான் தரப்பு எதிர்த்துப் பார்த்தது, பலன் இல்லை. ஷினோஹாரா மட்டும், தான் பலவீனமாக இருந்ததால் தோற்றேன் என்கிற பொருளில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பிறகு வந்த ஆண்டுகளில் வீடியோ மறுபார்வை ஜூடோவுக்குள் வந்தது. இன்று சந்தேகத்துக்குரிய எறிதல் என்றால் ஆட்டத்தை நிறுத்தி, பல கோணங்களில் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தத் தீர்ப்பையும் மறுத்துப் பேசலாம், பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்த அதே காட்சியை வைத்துக்கொண்டு பேச முடிகிறது. இதே விளையாட்டு, மனிதக் கண்ணை நம்ப முடியாது என்று வீடியோவைக் கொண்டுவந்தது. அடுத்து, தங்கத்தைத் தீர்மானிக்கிற நிமிடத்தில் எதையுமே காட்டாத ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. முதல் இயந்திரம் சாட்சி சொல்கிறது. இரண்டாவது தீர்ப்பு மட்டும் சொல்கிறது. இரண்டையும் "தொழில்நுட்பம்" என்று ஒரே கூடையில் போடுவதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

"எப்போதோ ஒருமுறை வருகிற சமநிலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எப்போதோ வருவது இல்லை. இரு அணிகளும் சமபலம், ஒவ்வொரு மோதலும் காசு சுண்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மோதலின் முடிவுகள் 64 விதமாக அமையலாம். அதில் 20 விதம் 3-3. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அணிகள் எவ்வளவு சமமாக இருக்கின்றனவோ, அவ்வளவு சக்கரத்துக்கு வேலை. ஆக, பதக்க ஆட்டங்கள் வரும்போதுதான் அதற்கு அதிக வேலை. அன்று மூன்று பதக்க ஆட்டங்களும் சக்கரத்தில் முடிந்தது கொஞ்சம் அதிகப்படி. ஆனால் சக்கரம் இந்தப் போட்டியின் அவசர வழி இல்லை, அன்றாட வழி.

இதற்கு மூல காரணம் ஆறு என்கிற இரட்டைப்படை எண். முன்பெல்லாம் உலகப் போட்டிகளில் ஆண்கள் அணி தனி, பெண்கள் அணி தனி, அணிக்கு ஐந்து பேர். 2017-ல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் கலப்பு அணி வந்தது, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. மூன்று பெண்கள், மூன்று ஆண்கள் என்று சமமாக வைத்தால் ஆறுதான் வரும். ஏழாவது ஆளைச் சேர்த்தால் அது ஆணா பெண்ணா என்ற சண்டை வரும். அந்த எண்ணிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். 1964-ல் டோக்கியோவில் ஆண்களுக்கு மட்டும் நான்கு பதக்கப் போட்டிகளோடு ஒலிம்பிக்கில் நுழைந்த விளையாட்டு இது. பெண்களுக்குப் பதக்கம் 1992-ல்தான். அங்கிருந்து, ஒரு நாட்டின் தங்கம் ஆணின் கையிலும் பெண்ணின் கையிலும் சரிபாதியாக இருக்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. சமன் வருவது அதற்குக் கொடுக்கிற விலை என்றால், கொடுக்கலாம்.

குலுக்கலே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். இப்போன் எத்தனை, வஸா-அரி எத்தனை என்று கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் பதக்கம் காகிதத்தில் முடியும், டட்டாமியில் முடியாது. அணித்தலைவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், ஒவ்வொரு முறையும் ரைனர் மாதிரி ஒருவர்தான் வருவார். மிச்ச ஐந்து பேர் அலங்காரம். குலுக்கலின் அழகே, ஆறு பேரில் யாரையும் ஒளித்து வைக்க முடியாது என்பதுதான். ஒரு நாட்டின் பலவீனமான பிரிவு எதுவோ, அங்கேயும் சக்கரம் நிற்கலாம். 57 கிலோ பெண்ணின் தோளிலும் 140 கிலோ ஆணின் தோளிலும் அதே சுமை. இந்தத் தர்மம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் அதைத் திரைப்படத்தை நம்பி விடக்கூடாது என்கிறேன்.

மாற்று என்ன? பெரிய கிரிப்டோகிராஃபி எல்லாம் வேண்டாம். சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி "ஒத்தையா ரெட்டையா" ஆடியிருப்போம் இல்லையா, அதன் அண்ணன் போதும். ஆறு பிரிவுகளுக்கும் அன்றைய மோதல் வரிசைப்படி 1 முதல் 6 வரை எண். 3-3 ஆனதும் இரண்டு பயிற்சியாளர்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் 1 முதல் 6-க்குள் ஓர் எண்ணை அட்டையில் எழுதுகிறார்கள். டட்டாமியின் நடுவில் நின்று ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுகிறார்கள். இரண்டையும் கூட்ட வேண்டும். 6-ஐத் தாண்டினால் 6-ஐக் கழிக்க வேண்டும். வருகிற எண்ணுக்குரிய பிரிவு.

மொத்தம் 36 ஜோடிகள். ஒவ்வொரு பிரிவுக்கும் சரியாக 6 ஜோடி விழும், எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் மனதுக்குள் ஒழுங்காகப் பகடை உருட்டினாலே போதும், இன்னொருவர் என்ன தந்திரம் செய்தாலும் முடிவை வளைக்க முடியாது. இருவரும் சேர்ந்து ஏமாற்ற வழியில்லை, ஏனென்றால் இருவரும் எதிரிகள். "எதிராளி என்ன எழுதுவான்" என்று மண்டையைக் குழப்பிக்கொள்வார்களே என்றால், குழப்பிக்கொள்ளட்டும். அதுவும் ஆட்டம்தான். முக்கியமாக, தோற்ற பிறகு யாரும் கணினியைத் திட்ட முடியாது. அந்தக் கூட்டலில் அவர்கள் கையும் இருந்தது.

பரபரப்பு குறையுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு அட்டைகள் திரும்புகிற அந்த ஒரு நொடிக்கு அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டல் போடும்.

கடைசியாக ஒன்று. இந்தச் சக்கரத்தால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்தால், முதலில் சைட்டோ முகம்தான் வருகிறது. 22 வயது. அப்பா ஹிட்டோஷி சைட்டோ 1984, 1988 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். மகன் முந்தைய நாள் தனிநபர் போட்டியில் வெண்கலத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அணிப் போட்டியில் ரைனரிடம் ஒருமுறை தோற்று உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் எழுந்து அதே மனிதரிடம் போ என்று திரை சொல்கிறது. போனார். சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தார். குலுக்கல் நேர்மையானதுதான் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், அந்தத் தோல்வியை விதி என்று தூக்கிப்போட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

ஆனால் யோசிக்க யோசிக்க, அதிக நஷ்டம் ரைனருக்குத்தான் என்று படுகிறது. பத்து வருடத்தில் 154 மோதல்களைத் தொடர்ந்து வென்ற மனிதர், 35 வயதில், ஒரே மாலையில் தன்னைவிட 13 வயது இளையவரை இரண்டு முறை வீழ்த்தியிருக்கிறார். அதில் கேள்வி கேட்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தத் தங்கத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாரோ ஒருவர், "அந்தச் சக்கரம்..." என்று ஆரம்பிப்பார். இவர் தப்பு செய்திருக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அதைக் காட்டுவதற்கு அவரிடம் விரித்த கை இல்லை. எங்கள் மாடியில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு முன்னால் நான் நின்ற மாதிரி, அவரும் நிற்க வேண்டியிருக்கிறது. நானாவது புரோகிராம் எழுதினேன். அவர் பாவம், ஜூடோ மட்டும்தான் ஆடினார்.